கல் பட்ட வடு: மகிழுந்துச் சாயத்தின் வரலாறு

மனிதன் படைத்த பொருள்களுள் மேற்பரப்பைக் கொண்டே மதிக்கப்படுவன சில. மகிழுந்து அவற்றுள் ஒன்று. அதன் பொறி எவ்வளவு வலியது என்பதை அறிந்தவர் சிலரே. அதன் சாயம் எவ்வளவு பளபளக்கிறது என்பதைக் காணாதவர் இலர். அந்தப் பளபளப்பின்மீது சாலையில் தெறித்த சிறு கல் ஒன்று பட்டு, கடுகளவு சாயம் பெயர்ந்து போனால் உரிமையாளரின் முகம் வாடுகிறது. 'ஒரு புள்ளிதானே' என்று அண்டை வீட்டார் ஆறுதல் கூறுவர். ஆயினும் அந்த ஒரு புள்ளிக்குள் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையன்று.

கல் பட்ட வடு என்பது இரண்டு வரலாறுகள் மோதிக்கொள்ளும் இடம். ஒன்று, சாயத்தின் வரலாறு. அது தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நிகழ்ந்தது. மற்றொன்று, சாலையின் வரலாறு. அது வெயிலிலும் மழையிலும் நிகழ்ந்தது. முதலாவதை எழுதியவர் பலர். இரண்டாவதை, அதிலும் நம் மண்ணில் நிகழ்ந்ததை, எழுதியவர் மிகச் சிலர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

குதிரை வண்டியின் வாரிசு

1886ஆம் ஆண்டில் ஜெர்மானியரான கார்ல் பென்சு தம் மூன்று சக்கர ஊர்திக்குக் காப்புரிமை பெற்றார். மகிழுந்தின் பிறப்பை அவ்வாண்டிலிருந்து கணக்கிடுவது மரபு. ஆனால், பிறந்த குழந்தைக்கு அணிவித்த ஆடை பழைய ஆடையே. குதிரை வண்டிக்குச் சாயம் பூசிய அதே கைவினைஞர், அதே தூரிகையைக் கொண்டு, அதே ஆளிவிதை எண்ணெய்ச் சாயத்தையும் வார்னிசையும் மகிழுந்துக்கும் பூசினர்.

எண்ணெய்ச் சாயம் நீர் வற்றுவதுபோல் உலர்வதில்லை. காற்றிலுள்ள உயிர்வளியோடு கலந்து மெல்ல மெல்ல இறுகுகிறது. ஒரு பூச்சு இறுகிய பின்னரே அதனைத் தேய்த்துச் சமன் செய்து அடுத்த பூச்சைப் பூச இயலும். இவ்வாறு பல பூச்சுகள் முடிந்து வண்டி கடைக்கு வர வாரக்கணக்கில் ஆயிற்று. பூச்சுகளில் வெள்ளை ஈயம் எனப்பட்ட ஈயச் சேர்மமும் கலந்திருந்தது. அதனைத் தேய்த்தபோது எழுந்த தூள் தொழிலாளரின் உடலில் நஞ்சாய்ச் சேர்ந்தது. கண்ணாடிபோல் மின்னிய வண்டிகளுக்குப் பின்னே நோயுற்ற கைகள் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலச் சாயத்தில் விழுந்த வடுவை ஆற்றுவதும் கைவினையே. தேர்ந்த வண்டிச் சாயக்காரர் நிறத்தைக் கண்ணால் அளந்து கலந்தார். மெல்லிய தூரிகையால் நிரப்பினார். நாள்கள் பல காத்திருந்து மெருகிட்டார். வண்டி மெல்லச் சென்ற காலம் அது. கல்லடியும் மென்மையாகவே இருந்தது.

கறுப்பின் ஆட்சி

1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' எனும் மகிழுந்தை அறிமுகப்படுத்தினார். 1913ஆம் ஆண்டில் அவருடைய ஹைலண்டு பார்க் தொழிற்சாலையில் நகரும் கோர்ப்பு வரிசை இயங்கத் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் பிடித்த அடிச்சட்டக் கோர்ப்பு வேலை, அடுத்த ஆண்டிலேயே ஒன்றரை மணி நேர அளவிற்குக் குறைந்தது. வண்டியை ஒன்றரை மணி நேரத்தில் கோர்த்துவிட்டு, சாயம் உலர வாரக்கணக்கில் காத்திருப்பது எங்ஙனம்? உற்பத்தியின் கழுத்தை நெரித்தது சாயமே.

தொடக்க ஆண்டுகளில் பல நிறங்களில் வந்த மாடல் டி, 1914 முதல் 1925 வரை கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்கப்பட்டது. நிலக்கீல் கலந்த கறுப்புச் சாயம் மலிவானது, உறுதியானது, உறுப்புகள் பலவற்றைச் சூளையில் சுட்டு உலர்த்தவும் ஏற்றது. ஒன்றரைக் கோடி வண்டிகள் வெளிவந்த பின்னர், 1927ஆம் ஆண்டில் மாடல் டியின் உற்பத்தி நின்றது. உலகின் சாலைகளைக் கறுப்பு ஆண்ட காலம் அது. சாயத்திலும் கறுப்பு, பின்னர் நாம் காணவிருக்கும் தாரிலும் கறுப்பு. இரண்டிற்கும் உறவு இல்லாமலில்லை. கருநிறக் கீற்பொருளே இரண்டிற்கும் மூலம்.

வெடிமருந்திலிருந்து பிறந்த வண்ணம்

கறுப்பின் ஆட்சியை முடித்துவைத்தது, வியப்புக்குரிய வகையில், வெடிமருந்து. முதல் உலகப் போரில் புகையில்லா வெடிமருந்து செய்து பெருகிய அமெரிக்க நிறுவனம் டூபாண்ட். அம்மருந்தின் அடிப்படைப் பொருள் நைட்ரோசெல்லுலோசு. போர் முடிந்ததும் அப்பொருளுக்கு வேறு பயன் தேட வேண்டியதாயிற்று. 1920ஆம் ஆண்டு வாக்கில் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில், வெயிலில் கிடந்த கலவை எதிர்பாராத வகையில் இளகிப் பாகுபோல் ஆனதைக் கண்ட வேதியியலார், அதிலிருந்து புதிய சாயத்திற்கு வழி கண்டனர் என்று கூறப்படுகிறது. செறிவு மிகுந்திருந்தும் தெளிப்பானில் தெளிக்கத்தக்க அரக்குச் சாயமாக அது உருவாயிற்று. 'டூக்கோ' என்பது அதன் வணிகப் பெயர். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1924ஆம் ஆண்டு ஓக்லண்டு மகிழுந்துகள் அச்சாயத்தில் நீல நிறத்துடன் வெளிவந்தன.

புதிய சாயம் உயிர்வளிக்காகக் காத்திருக்கவில்லை. அதன் கரைப்பான் ஆவியானதும் சாயம் உலர்ந்தது. வாரங்கள் நாள்களாகவும், நாள்கள் மணிகளாகவும் சுருங்கின. நிறம் பெருகியது, நிறத்தோடு ஆசையும் பெருகியது. ஃபோர்டும் 1926ஆம் ஆண்டு வண்டிகளுக்கு மீண்டும் நிறங்களை அளிக்க நேர்ந்தது. வண்டி ஓடுகிறதா என்று கேட்ட மக்கள், வண்டி என்ன நிறம் என்று கேட்கத் தொடங்கினர். கல் பட்ட வடு ஒரு மனக்குறையாக மாறியதும் அப்போதிருந்துதான் எனலாம்.

1930களில் ஆல்கைடு எனும் செயற்கைப் பிசினால் ஆகிய சாயம் பரவியது. சூளையில் சுடப்பட்ட இச்சாயம் குறைந்த பூச்சுகளிலேயே தானாகப் பளபளத்தது. 1950களின் பிற்பகுதியில் அக்ரிலிக் அரக்குச் சாயம் வந்தது. வெயிலில் மங்காமை அதன் சிறப்பு. 1970, 1980களில் நிறம் ஒரு பூச்சாகவும் அதன்மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்றாகவும் பூசும் முறை நிலைபெற்றது. இன்று நம் கண் காணும் பளபளப்பு நிறத்தின் பளபளப்பன்று; அதன்மீது போர்த்திய தெளிபூச்சின் பளபளப்பே ஆகும்.

சாலையின் கதை

இனி, கல்லின் பக்கம் திரும்புவோம். ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லவுடன் மெக்கடம் 1816ஆம் ஆண்டில் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பை ஏற்றார். பெருங்கற்களை அடியில் பாவும் பழைய முறையை அவர் கைவிட்டார். உடைத்த சிறு கற்களை அடுக்கடுக்காகப் பரப்பினால், வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்களே அவற்றை நெருக்கி இறுக்கிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. கல் ஒவ்வொன்றும் ஆறு அவுன்சுக்கு மேற்படலாகாது என்பது அவர் வகுத்த விதி. அவ்விதியை நிறைவேற்றியவை எண்ணற்ற சுத்தியல்கள்.

இரும்புச் சக்கரத்திற்காக அமைந்த அச்சாலைக்கு இரப்பர்ச் சக்கரம் எமனாக வந்தது. இரும்பு கல்லை நசுக்கித் தூளை இடுக்கில் செலுத்தியது; விரைந்தோடும் இரப்பரோ தூளை இழுத்து வாரி வெளியே வீசியது. தூள் போனபின் கற்கள் கட்டவிழ்ந்தன. புழுதியும் கல்லும் சாலையெங்கும் பறந்தன. 1902ஆம் ஆண்டில் மொனாக்கோவில் மருத்துவர் குக்லியெல்மினெட்டி சாலைக்குத் தார் பூசிப் புழுதியை அடக்கிக் காட்டினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் நாட்டிங்காம் வட்டாரப் பொறியாளர் எட்கர் ஹூலி, தாரும் கசடும் கலந்த 'டார்மாக்' எனும் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். தார்ச்சாலை யுகம் பிறந்தது.

தார் புழுதியை அடக்கியதே தவிர, கல்லை முற்றிலும் அடக்கவில்லை. சூடான தாரைத் தெளித்து, அதன்மேல் சல்லிக்கல்லைத் தூவி, உருளையால் அழுத்துவது செலவு குறைந்த முறை. அம்முறையில் ஒட்டாத கற்கள் சில நாள்கள் மேலே கிடக்கும். முன்னே செல்லும் சுமையுந்தின் சக்கரப் பள்ளத்தில் அவற்றுள் ஒன்று சிக்கும், சக்கரம் சுழலும், கல் விடுபட்டுப் பின்னே வரும் மகிழுந்தின் நெற்றியில் பாயும். இதுவே வடுவின் பிறப்பு.

நம் மண்ணும் நம் கைகளும்

இக்கதையில் தமிழருக்கு உள்ள பங்கு சிறிதன்று. 1825ஆம் ஆண்டில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாநிலத்தைச் சேர்ந்தோரும் வங்காளத்தைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். 1873இல் அக்குடியிருப்பு முடிவுக்கு வரும்வரை, அரை நூற்றாண்டுக் காலம் கைதிகள் காடு வெட்டினர், சதுப்பு நிரப்பினர், கல் உடைத்தனர், சாலை போட்டனர். புலாவ் உபின் தீவின் கருங்கல் அக்காலத்திலிருந்தே கட்டடங்களுக்குப் பயன்பட்டு வந்தது. தூய அந்திரேயர் பேராலயத்தைக் காட்டி அவர்களை நினைவுகூர்வோர் உண்டு. அவர்கள் போட்ட சாலைகளில் நடந்துகொண்டே அவர்களை மறந்தோர் மிகப் பலர்.

1896ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் மகிழுந்து வந்திறங்கியது. அதே காலப்பகுதியில் மலாயாவில் செம்மண் சாலைகள் தோட்டங்களையும் வெள்ளீயச் சுரங்கங்களையும் நகரங்களையும் இணைக்கத் தொடங்கியிருந்தன. அரசாங்கப் பொதுப்பணித் துறையின் சாலை வேலைக்குத் தென்னிந்தியத் தொழிலாளர், அவர்களுள்ளும் பெரும்பாலும் தமிழர், பெருந்தொகையில் அமர்த்தப்பட்டனர். சாலையோர லயங்களில் அவர்கள் வாழ்ந்தனர். மழைக்கால வெள்ளம் சாலையை அரித்தபோதெல்லாம் அதனை மீண்டும் செப்பனிட்டவர்கள் அவர்களே. தார் காய்ச்சும் புகையும், கொதிக்கும் தாரின் வெப்பமும், தலைக்குமேல் நண்பகல் வெயிலும் அவர்களுடைய அன்றாட வாழ்வு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கல்லைப் பற்றி எறிவது இரப்பர்ச் சக்கரம் என்றோம். 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பிலிருந்த ஹென்றி ரிட்லி இரப்பர் மரத்தை ஊக்கி வளர்த்தார். மாடல் டி பெருகப் பெருக இரப்பரின் தேவையும் ஏறியது, தோட்டங்கள் விரிந்தன, தமிழகத்துச் சிற்றூர்கள் கங்காணிகளின் பின்னே கப்பலேறின. 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரையில் அந்த ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. ஆக, சாலையில் கிடக்கும் கல்லும் நம்மவர் உடைத்தது. அக்கல்லை எறியும் சக்கரமும் நம்மவர் சீவிய பாலில் ஆயது. டெட்ராய்ட் நகரத்து வரலாறு என்று நாம் படிக்கும் நூல்களில் விடுபட்டுப்போன பக்கம் இதுவே.

கல்லின் வலிமை எவ்வளவு?

சிறு கல்லால் இவ்வளவு தீங்கு எப்படி விளைகிறது என்று மாணவர் கேட்கலாம். விடை எளிய இயற்பியலில் உள்ளது. மோதலின் ஆற்றல் விரைவின் இருமடிக்கு ஏற்ப மிகும். விரைவு இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மலேசிய நெடுஞ்சாலையின் உச்ச விரைவு மணிக்கு 110 கிலோமீட்டர். அவ்விரைவில் செல்லும் மகிழுந்தின்மீது 2 கிராம் எடையுள்ள கல் மோதினால், ஏறத்தாழ 47 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது சிங்கையின் பதினைந்து மாடி அடுக்கக உச்சியிலிருந்து, அக்கல் தடையின்றி விழுந்ததற்கு அது ஒப்பாகும். விரைவைப் பாதியாகக் குறைத்தால் அது நான்கு மாடி உயரமாகத் தாழ்கிறது. எதிர்த்திசையில் பறந்து வரும் கல்லின் விரைவு இதனோடு கூடும். தாங்கி நிற்கும் சாயத்தின் மொத்தக் கனமோ ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு.

இதனைக் கண்மதிப்பாய் விட்டுவிடாமல் அளந்து பார்க்கவும் வழி கண்டனர். அமெரிக்கத் தானியங்கிப் பொறியாளர் கழகத்தின் 'ஜே 400' எனும் தரமுறையில், குறித்த அளவுடைய சரளைக்கற்கள் அழுத்தக் காற்றினால் சாயம் பூசிய தகட்டின்மீது எறியப்படுகின்றன. பின்னர் வடுக்களின் தொகையும் அளவும் கணக்கிடப்பட்டு, வடுவே இல்லாத தகட்டிற்கு 10 என்றும், முற்றிலும் சிதைந்ததற்கு 0 என்றும் மதிப்பெண் அளிக்கப்படுகிறது. சாயமும் தேர்வெழுதுகிறது என்று மாணவர்க்குச் சொல்லலாம்.

துருவும் அதன் பகைவரும்

வடுவில் அழகுக்கு நேரும் குறை முதற்குறைதான். பெருங்குறை பின்னால் வருவது. கல் எஃகுவரை துளைத்துவிட்டால், நீரும் காற்றும் இரும்பைச் சேர்கின்றன; துரு பிறக்கிறது. துரு, தான் தின்ற இரும்பைவிடக் கூடுதலான இடத்தை வேண்டுவது. ஆகவே அது சுற்றியுள்ள நல்ல சாயத்தையும் கீழிருந்து நெம்பித் தூக்குகிறது. கடுகளவு புண் காசளவு கொப்புளமாகிறது. மழையும் வெப்பமும் கடற்காற்றும் மிகுந்த நம் நாடுகளில் துருவிற்கு ஓய்வில்லை.

இதற்கு மாற்று தேடியதில் இரண்டு வெற்றிகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது மின்படிவுப் பூச்சு. 1960களின் முற்பகுதியில் ஃபோர்டு நிறுவனத்தில் ஜார்ஜ் புரூவர் என்னும் வேதியியலார் இதனை உருவாக்கினார். உடற்கூடு முழுவதும் சாயத் தொட்டியில் அமிழ்த்தப்படுகிறது, மின்சாரம் பாய்ச்சப்படுகிறது, தூரிகை எட்டாத மூலைமுடுக்குகளிலும் சாயம் தானே சென்று படிகிறது. தொடக்கத்தில் வண்டி நேர்மின் முனையாக இருந்தது. 1970களின் பிற்பகுதியில் அது எதிர்மின் முனையாக மாற்றப்பட்டபோது துருவைத் தாங்கும் வலிமை பன்மடங்கு கூடியது.

இரண்டாவது வெற்றி துத்தநாகம். 1824ஆம் ஆண்டிலேயே ஹம்ஃப்ரி டேவி, கப்பலின் செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அவ்வுலோகம் தான் அழிந்து செம்பைக் காக்கும் என்று விளக்கியிருந்தார். அவ்வுண்மை மகிழுந்தின் எஃகுக்கு முழுமையாகப் பயன்பட நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. 1970களின் நடுப்பகுதியில் போர்ஷே நிறுவனமும், 1980களின் நடுப்பகுதியில் ஆவுடி நிறுவனமும் துத்தநாகம் பூசிய உடற்கூடுகளை வெளியிட்டன. கல் பட்டு எஃகு வெளிப்பட்டாலும், அருகிலுள்ள துத்தநாகம் தன்னை இழந்து எஃகைக் காக்கிறது. தன்னை அழித்துப் பிறரைக் காக்கும் பண்பு உலோகத்திலும் உண்டு.

வடுவை ஆற்றும் கலை

இவ்வரலாற்றில் ஒரு முரண் உண்டு. பழைய அரக்குச் சாயம் எளிதில் வடுப்பட்டது. எளிதில் ஆறவும் செய்தது. கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலரும் சாயம் அது; ஆதலால் புதிதாய் இட்ட துளி பழைய பூச்சைச் சற்றே கரைத்து அதனோடு ஒன்றாய்க் கலந்துவிடும். தேய்த்து மெருகிட்டால் தழும்பின் சுவடும் தெரியாது. இன்றைய தெளிபூச்சோ மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வலைபோல் பிணைந்து இறுகியது. அது கரைவதில்லை. புதிய துளி அதன்மேல் அமரும், அதனோடு கலக்காது. வலிமை மிகுந்தது, செப்பனிடும் எளிமை குறைந்தது. கடினமான தெளிபூச்சை உருவாக்கும் ஐசோசயனேட்டு வகைப் பொருள்கள் மூச்சுக் குழலுக்குத் தீங்கானவை என்பதால், தெளிப்போர் உரிய முகக் காப்பின்றிப் பணியாற்றலாகாது. வெள்ளை ஈயத் தூள் ஒழிந்தது. வேறொரு நஞ்சு அதன் இடத்தில் வந்தமர்ந்தது.

ஆயினும் சிறு வடுவை வீட்டிலேயே ஆற்ற வழியுண்டு. முதலில் வடுவின் ஆழத்தைக் காண வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் அடிப்பூச்சு எஞ்சியிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். உலோகம் மின்னினாலோ செந்நிறம் தோன்றினாலோ காலம் தாழ்த்தலாகாது. இடத்தைக் கழுவி, மெழுகும் எண்ணெய்ப் பசையும் நீக்கி, நன்கு உலர்த்த வேண்டும். துருவை நுனிக் கூர்மையுள்ள கருவியால் சுரண்டி எடுத்து, துருத்தடுப்பு அடிப்பூச்சைத் துளியளவு இட வேண்டும். அது உலர்ந்தபின், வண்டியின் சாயக் குறியீட்டுக்கு ஒத்த நிறத்தை மெல்லிய அடுக்குகளாக இட்டு, இறுதியில் தெளிபூச்சை இட வேண்டும். ஒரே துளியில் பள்ளத்தை நிரப்ப முயல்வதே பலரும் செய்யும் தவறு. கனமான துளி மேலே இறுகி உள்ளே ஈரமாய் நிற்கும். பின்னர்ச் சுருங்கிக் குழிவிழும். முழுதும் இறுகிய பின்னர், மிக நுண்ணிய தேய்தாளை நீரில் நனைத்து மெல்லத் தேய்த்து மெருகிடலாம். துருவின் கறையைச் சாயத்தால் மூடுவது மட்டும் கூடவே கூடாது. மூடிய துரு உறங்குவதில்லை.

எஞ்சும் கடன்

நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் உழைத்தும், ஒரு சிறு கல்லை வென்றோம் என்று மார்தட்ட இயலவில்லை. வாரங்கள் மணிகளாயின, ஒரு நிறம் பன்னிறமாயிற்று, துரு தள்ளிப்போடப்பட்டது. கல் மட்டும் கல்லாகவே இருக்கிறது. சாலையில் முன்னே செல்லும் வண்டிக்கு இடைவெளி விட்டு, சல்லி தூவிய இடத்தில் விரைவைக் குறைத்துச் செல்வதே இன்றும் முதல் காப்பு. அடக்கம் செய்வதை வேதியியல் செய்வதில்லை.

ஆனால், இவ்வரலாற்றிலிருந்து தமிழாசிரியரும் மாணவரும் பெறத்தக்க செய்தி வேறொன்று. சாயத்தைக் கண்டவர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன; காப்புரிமைப் பதிவுகளில் உள்ளன. கல்லை உடைத்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. பொதுப்பணித் துறை லயங்களில் பிறந்து வளர்ந்த முதியோர் நம்மிடையே இன்னும் வாழ்கின்றனர். தம் பெற்றோர் எந்தச் சாலையில் தார் ஊற்றினர், எந்தக் குன்றில் கல் உடைத்தனர், எந்தப் பாலத்தருகே நோயுற்று வீழ்ந்தனர் என்பது அவர்களுடைய நினைவில் மட்டுமே உள்ளது. மாணவர் அவர்களை அணுகிக் கேட்டு எழுதிவைத்தால், அது எந்த நூலகத்திலும் கிடைக்காத வரலாறாக அமையும். ஓர் ஆசிரியர் ஒரு வகுப்பைக் கொண்டு ஒரு சாலையின் கதையை எழுதுவித்தாலும் போதும்.

சாயம் பெயர்ந்த இடத்தைக் காலத்தே கவனியாவிடில் துரு உள்ளே பரவும். நினைவு பெயர்ந்த இடமும் அத்தகையதே. வண்டியின் வடுவுக்கு மருந்து கடையில் கிடைக்கும். வரலாற்றின் வடுவுக்கு மருந்து நம் எழுதுகோலில்தான் இருக்கிறது.